வத்தல்மலை ஏறினால் எவரெஸ்ட் அடிவாரம் எட்டுமா? பயிற்சி நாட்குறிப்பு

சனி, கிருஷ்ணகிரி

வரும் ஏப்ரலில் நேபாளத்தின் லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து திரும்புவது என்றும், அந்த நடையின் பெயரால் நண்பர்களிடமும் உறவினர்களிடமும் திரட்டும் பணத்தைப் பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து நோயாளிகளை இறக்கிக் கொண்டுவரும் ஒரு ஜீப்புக்குக் கொடுப்பது என்றும் நாங்கள் தீர்மானித்துச் சில மாதங்கள் ஆகின்றன. எங்களில் மலையேறி என்று சொல்லத் தக்கவர் ஒருவரும் இல்லை. பாலக்கோடு பக்கம் பள்ளி ஆசிரியனாக இருக்கும் நான், தருமபுரியில் மருந்துக்கடை வைத்திருப்பவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் செவிலியர் அக்கா, பணி ஓய்வு பெற்ற தபால்காரர் ஐயா, ஓசூரில் தொழிற்சாலை வேலை பார்க்கும் இரண்டு தம்பிகள் ஆகியோர்தாம் குழு. பொங்கல் முடிந்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் கிடைக்கும் இந்தத் தை மாத இடைவெளியில் விடுப்பு எடுத்துக்கொண்டு, நம் இரு மாவட்டங்களின் மலைகளிலேயே உடம்பைத் தயார் செய்யப் புறப்பட்டிருக்கிறோம்.

எதிரே நிற்கும் உயரத்தை முதலில் சொல்லிவிடுவது நல்லது. விமானம் இறங்கும் லுக்லா 2,860 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாம்சே பஜார் 3,440 மீட்டர், டிங்போச்சே 4,410 மீட்டர், அடிவார முகாம் 5,364 மீட்டர். போக வர ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நடை. தருமபுரி நகரமோ 500 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஓசூர் சுமார் 900 மீட்டர். நம் மாவட்டங்களில் எந்த மலையின் உச்சியில் போய் நின்றாலும் லுக்லா விமான நிலையத்தின் உயரத்தில் பாதியை எட்டுவதுகூடக் கடினம். எனவே இங்கே பயிற்சி எடுப்பதில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு எங்களுக்கே விடை தெரிய வேண்டும் என்பதுதான் இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கியதற்குக் காரணம்.

இன்று கோட்டை மலை. சையத் பாஷா மலை என்று ஊரார் அழைக்கும் இந்தக் குன்றின் மீது விஜயநகரக் காலத்துக் கோட்டையின் சுவர்களும், மேலே தர்காவும் உள்ளன. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791இல், மேக்ஸ்வெல் தலைமையில் வந்த ஆங்கிலப் படை கீழே இருந்த பேட்டையைப் பிடித்தும் மேலே இருந்த கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. செங்குத்தான பாறையையும் படிகளையும் பார்க்கும்போது, சுமையோடு ஏறிய அந்தச் சிப்பாய்களின் மூச்சை நம்மால் ஊகிக்க முடிகிறது.

நாங்கள் ஒவ்வொருவரும் ஐந்து கிலோ சுமையுடன் ஏறினோம். ஓசூர்த் தம்பிகள் இருவரும் ஓட்டமும் நடையுமாகச் சென்று, பாதி வழியில் இடுப்பில் கைவைத்து நின்று, மறுபடி ஓடினார்கள். தபால்காரர் ஐயா ஒரே சீராக, எங்கும் நிற்காமல், பக்கத்தில் வருபவரிடம் பேரனின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே ஏறினார். மேலே சென்று சேர்ந்தபோது அவர்களுக்கும் இவருக்கும் இடையே சில நிமிடங்களே வித்தியாசம்; ஆனால் தம்பிகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள், ஐயா நின்றுகொண்டு கிருஷ்ணகிரி அணை எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பட்டி தொட்டியெல்லாம் தபால் பையுடன் நடந்தவர் அவர்.

உயர்மலை நடைக்கு ஐயாவின் நடைதான் இலக்கணம் என்று செவிலியர் அக்கா சொன்னார். முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் நடப்பவருக்குத் தசைகள் ஆக்சிஜனைக் கொண்டு வேலை செய்கின்றன. பேச்சு துண்டு துண்டாக உடையும் வேகத்துக்குப் போனால் உடம்பு கடனில் ஓடத் தொடங்குகிறது, அந்தக் கடனை நின்றுதான் அடைக்க வேண்டும். கீழே அதை ஐந்து நிமிடத்தில் அடைத்துவிடலாம். ஐயாயிரம் மீட்டரில் அது அவ்வளவு எளிதில் அடையாது. இரண்டாம் முறை ஏறியபோது ஐயாவை முன்னால் விட்டு, அவரைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்தோம். தம்பிகளுக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது.

ஞாயிறு, இராயக்கோட்டை

இராயக்கோட்டையின் தக்காளிச் சந்தைக்கு வரும் வண்டிகளின் இரைச்சலைத் தாண்டி, ஊருக்கு மேலே நிற்கும் துர்க்கத்தில் ஏறினோம். இதுவும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டைதான். கிருஷ்ணகிரியைப் போலன்றி, இதை 1791 ஜூலையில் மேஜர் கவுடியின் படை பிடித்துவிட்டது. மறு ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், பாரமகால் என்று அன்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி ஆங்கிலேயர் கைக்குச் சென்றது.

இன்றைய பாடம் காலணி. ஒரு தம்பி புதிதாக வாங்கிய உயர்கழுத்துக் காலணியைப் போட்டுக்கொண்டு வந்ததில் குதிகாலில் கொப்புளம் எழுந்தது. புதுக் காலணியை வீட்டிலும் தெருவிலும் பல வாரம் போட்டுப் பழக்கிய பிறகே மலைக்குக் கொண்டுவர வேண்டும். இறக்கத்தில் கால் முன்னே சரிந்து விரல் நுனி இடிக்காமலிருக்க அரை அளவு பெரிதாக வாங்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். இவற்றை எல்லாம் கடைக்காரரே சொல்லியிருக்கலாம். வேறு சொல்ல இன்று ஒன்றும் இல்லை. வெயில் ஒன்பது மணிக்கே சுட்டது.

திங்கள், தருமபுரி

கால்களுக்கு ஓய்வு. மருந்துக்கடைக்காரர் வீட்டு மாடியில் உட்கார்ந்து, உயரம் உடம்பை என்ன செய்கிறது என்பதைப் பேசி முடித்தோம். இந்தப் பயணத்துக்கு ஆயத்தமாகும் எவரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. காலைப் பழக்குவது அதற்கு அடுத்தபடி.

மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் குறைகிறது என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். கலவையில் அதன் பங்கு எங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். அடிவார முகாமில் அந்த அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஆகவே அதே அளவு மூச்சை இழுத்தாலும் நுரையீரலுக்குக் கிடைப்பது பாதி ஆக்சிஜன்தான். உடம்பு இதை முதலில் வேகமாக மூச்சுவிட்டும் இதயத்தை விரைவாக அடிக்க வைத்தும் சமாளிக்கிறது; பிறகு சிறுநீரகம் இரத்தத்தின் காரத் தன்மையைச் சரிசெய்கிறது; அதன் பின்னரே, வாரக் கணக்கில், சிவப்பணுக்கள் பெருகுகின்றன. இந்த வேலைகளுக்கு நாள்கள் தேவை, அந்த நாள்களை எவ்வளவு வலுவான காலும் சுருக்க முடியாது. 3,000 மீட்டருக்கு மேல், ஒரு நாள் இரவு படுக்கும் உயரத்தை முந்தின இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்றும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்றும் மலை மருத்துவர்கள் வகுத்திருப்பது இதனால்தான். நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் எல்லாரும் ஒரு நாள் தங்குவது வேடிக்கை பார்ப்பதற்காக அல்ல.

இந்தக் கணக்கை மீறுகிறவர்களுக்கு முதலில் வருவது தலைவலி. அதனுடன் குமட்டல், தலைச்சுற்றல், சோர்வு, தூக்கமின்மை. அத்துடன் நின்றால் ஏறாமல் அங்கேயே தங்கி ஆறவிடலாம். மூளையில் நீர் கோத்தால் நடை தள்ளாடும், பேச்சு குழறும். நுரையீரலில் நீர் கோத்தால் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமலில் நுரை வரும். இந்த இரண்டுக்கும் உடனடியாகக் கீழே இறங்குவதே சிகிச்சை. ஆக்சிஜனும் மருந்தும் இறங்கும் வரை உயிரைப் பிடித்துவைக்க உதவுபவை.

அசிட்டசோலமைடு மாத்திரையைப் பற்றி எல்லாரும் கேட்டார்கள். டயமாக்ஸ் என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும் இதை, 125 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து தடுப்புக்காகக் கொடுப்பது வழக்கம். விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வும், அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் இதன் விளைவுகள். சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். மருந்துக்கடைக்காரரே, "என் கடையில வாங்கறதா இருந்தாலும் சீட்டு இல்லாம தரமாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தூக்க மாத்திரைக்கும் மதுவுக்கும் அங்கே இடமே இல்லை என்பது செவிலியர் அக்காவின் தீர்ப்பு. மேலே இரவில் மூச்சு தானாகவே விட்டு விட்டு வரும், அதை மேலும் அடக்குவதைப் போன்ற அபாயம் வேறில்லை.

செவ்வாய், வத்தல்மலை

தருமபுரிக்கு அருகே நிற்கும் சுவரைப் போன்ற மலைத்தொடரின் மேல், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில், பெரியூர், பால்சிலம்பு முதலிய சிற்றூர்கள் சேர்ந்ததே வத்தல்மலை. மலையாளிப் பழங்குடியினர் சாமையும் கேழ்வரகும் கடுகும் விளைவித்துவந்த இந்த மலையில் இப்போது சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பியும், அம்மரங்களில் படர்ந்த மிளகும் காணக் கிடைக்கின்றன. அண்மைக் காலம் வரை இங்கே பேருந்து கிடையாது. இப்போது கொண்டை ஊசி வளைவுகளுடன் தார்ச்சாலை மேலே செல்கிறது. நாங்கள் அடிவாரத்திலிருந்து அந்தச் சாலை வழியாகவே நடந்தோம். காட்டுக்குள் குறுக்குப் பாதைகள் உண்டு. ஆனால் 2018இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் உயிரிழந்த பிறகு, வனத்துறையின் அனுமதி இல்லாமல் காட்டுப் பாதையில் கால் வைப்பது சட்டப்படியும் தவறு, அறிவுப்படியும் தவறு. பயிற்சிக்கு ஏற்றமே வேண்டும். அது சாலையிலும் இருக்கிறது.

ஏழு கிலோ சுமை, ஊன்றுகோல், பேசிக்கொண்டே ஏறும் வேகம். மேலே செல்லச் செல்ல ஓய்வடி என்று மலையேறிகள் சொல்வதைப் பழகினோம்: ஒவ்வொரு அடியிலும் பின்காலை நேராக நீட்டி, எடை முழுவதையும் தசையில் இல்லாமல் எலும்பில் ஒரு கணம் நிறுத்தி, பிறகு அடுத்த காலை எடுப்பது. பார்ப்பதற்குக் கல்யாண ஊர்வலத்து நடையாகத் தோன்றும் இதைத் தம்பிகள் முதலில் கேலி செய்தார்கள். பத்தாவது வளைவுக்குப் பிறகு கேலி நின்றது.

வழியில் தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்தது. மேலே வறண்ட காற்றில் வேகமாக மூச்சுவிடுவதால், வியர்வை தெரியாமலே உடம்பு நீரை இழக்கிறது. நாளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். அதற்காகத் தாகம் இல்லாமலும் லிட்டர் லிட்டராக விழுங்கினால் இரத்தத்தில் உப்பு குறைந்து அதுவும் தலைவலியைத் தரும், அதை உயர நோய் என்று நினைத்து ஏமாறவும் கூடும். கிணற்று நீரின் ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெட்ட தலைமுறைகளைப் பார்த்து, 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகே மூச்சுவிட்ட மாவட்டம் இது. தண்ணீரை வாயில் வைப்பதற்கு முன் அதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

பெரியூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் செவிலியர் அக்கா பையிலிருந்து ஆக்சிமீட்டரை எடுத்தார். கொரோனாக் காலத்தில் ஊரெல்லாம் பழகிய அதே சிறு கருவி. காலையில் அடிவாரத்தில் எங்கள் எண்கள் 97, 98 என்று இருந்தன. மேலேயும் 97, 96. ஓசூர்த் தம்பி ஒருவன், "அப்ப நாம ரெடின்னுதானே அக்கா அர்த்தம்?" என்று மகிழ்ந்தான். "மலை உன்ன ஒண்ணும் கேக்கவே இல்லைன்னு அர்த்தம்" என்றார் அக்கா.

அவர் விளக்கியது இது. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், காற்றின் அழுத்தம் ஓரளவு குறையும் வரை, கிட்டத்தட்ட முழு அளவு ஆக்சிஜனை விடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த எல்லையைத் தாண்டிய பிறகுதான் பிடி சடசடவென்று தளர்கிறது. ஆயிரம் மீட்டரில் அந்தப் பிடி தளர்வதே இல்லை. நாம்சேயில் நல்ல உடல்நலம் உள்ளவருக்கும் 90ஐ ஒட்டி இறங்கும். அடிவார முகாமுக்கு முந்தைய கடைசித் தங்குமிடமான கோரக் ஷெப்பில் 80ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ காணலாம். தருமபுரி மருத்துவமனையில் அந்த எண்ணோடு ஒருவர் வந்தால் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே அந்த எண்ணோடுதான் நடக்க வேண்டும். ஆகவே வத்தல்மலையை வாரந்தோறும் ஏறினாலும் உயரத்துக்கு நாம் பழகியவர்கள் ஆக மாட்டோம். இந்த உண்மையை இன்று நேராகப் பார்த்தது நல்லதாயிற்று. ஏனென்றால் பயிற்சி எடுத்தவர்களும் அங்கே ஆபத்தில் சிக்கலாம் என்பது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. காலில் வலு இருப்பவர் வேகமாக ஏறிவிடக்கூடும். வேகமாக ஏறுகிறவருக்கு உயர நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

இரவு அதே வீட்டில் கேழ்வரகுக் களியும் மொச்சைக் கொட்டைக் குழம்பும் போட்டார்கள். களி உண்ட வயிற்றுக்கு நேபாளத்தின் பருப்புச் சோறு அந்நியமாக இராது என்று நம்புகிறேன். உயரத்தில் பசி மந்தித்துவிடும். அப்போதும் மாவுச்சத்தை உண்டே ஆக வேண்டும், ஏனெனில் கொழுப்பைவிட மாவுச்சத்தை எரிக்கக் குறைவான ஆக்சிஜன் போதும்.

புதன், வத்தல்மலையிலிருந்து இறக்கம்

ஏறும்போது மூச்சு வாங்குகிறது, ஆகையால் ஏற்றமே கடினம் என்று மனம் நினைக்கிறது. இன்று காலை வளைவு வளைவாக இறங்கி முடித்தபோது தொடைத் தசைகள் நடுங்கின. ஏற்றத்தில் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறக்கத்திலோ, உடல் எடையைத் தடுத்து நிறுத்தியபடியே நீள்கிறது. சுருங்கும்போது ஏற்படுவதைவிட இப்படிச் சுமையோடு நீளும்போது தசை நார்களில் நுண்கீறல்கள் அதிகம் விழுகின்றன. வலி உடனே தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் படிக்கட்டில் இறங்கும்போது தெரியும்.

இதில்தான் நம் மலைகளின் உண்மையான பயன் இருக்கிறது. ஒருமுறை இப்படி அடிபட்ட தசை, ஆறிய பிறகு, அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவு அடிபடுவதில்லை. அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கிறது. உயரத்துக்கு உடம்பை இங்கே பழக்க முடியாது, இறக்கத்துக்கு முழுமையாகப் பழக்கலாம். அடிவார முகாமுக்குப் போய்ச் சேருவதையே எல்லாரும் பேசுகிறார்கள். அங்கிருந்து லுக்லா வரை 65 கிலோமீட்டர் மூன்று நான்கு நாளில் திரும்ப வேண்டும், களைத்த உடம்போடு. ஒருவருக்கு உடல்நலம் கெட்டால் இரவிலேயே, அவசரமாகவும் இறங்க வேண்டியிருக்கும். அப்போது தொடை நடுங்கும் துணைவர் துணையாக மாட்டார், இன்னொரு நோயாளியாகிவிடுவார்.

தபால்காரர் ஐயாவுக்கு மட்டும் இடது முழங்கால் வீங்கியது. ஊன்றுகோல்களை இறக்கத்தில் கொஞ்சம் நீட்டி, உடலுக்கு முன்னே ஊன்றி இறங்கியதில் பாரம் குறைந்ததாகச் சொன்னார். முதலில் அவற்றை "கெழவனுக்குக் குச்சி" என்று மறுத்தவர் அவர்தான்.

வியாழன், பென்னாகரம் மலைகள்

யாருக்காக நடக்கிறோமோ அவர்கள் நடக்கும் வழியை ஒருமுறையாவது நடந்து பார்த்திருக்க வேண்டும் என்று செவிலியர் அக்கா வற்புறுத்தியதால், வனத்துறையிடம் தெரிவித்து, உள்ளூர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, சாலை முடிகிற இடத்திலிருந்து ஒரு மலைக் கிராமம் வரை சென்று வந்தோம். யானைகள் நடமாடும் காடு. பொழுது நன்றாக விடிந்த பிறகே வழிகாட்டி நடக்க விட்டார்.

இந்தப் பகுதியின் கோட்டூர்மலைக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைகளின் முதுகில் ஏற்றிச் சென்ற படங்களை நாளிதழ்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். தேர்தல் முடிந்ததும் அந்தப் படங்கள் மறந்துபோகின்றன. பாதை அப்படியே இருக்கிறது. கல்லும் வேர்களுமாக ஏறும் வழியில் எங்களைக் கடந்து சென்றவர்கள், தலையில் அரிசி மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாகச் செருப்பில்லாமல் நடந்தார்கள். எங்கள் முதுகில் எட்டு கிலோ. பெயர்பெற்ற நிறுவனங்களின் முத்திரை பதித்த பைகளோடு அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றபோது, நாங்கள் செய்வதற்குப் பயிற்சி என்று பெயர் சொல்லக் கூச்சமாக இருந்தது.

பாம்புக் கடியோ பிரசவ வலியோ வந்தால், இதே வழியில் தொட்டில் கட்டி, மாற்றி மாற்றித் தோள்கொடுத்து இறக்குகிறார்கள். சாலை தொடங்கும் இடத்தில் ஜீப் காத்திருந்தால் மருத்துவமனைக்குப் போகும் நேரம் பெரிதும் குறைகிறது. அந்த ஜீப் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு சிறு அறக்கட்டளை நடத்துகிறது. வண்டி வாங்கக் கொடுக்கப் பலர் முன்வந்தார்களாம், பக்கவாட்டில் பெயர் எழுதலாம் அல்லவா. டீசலுக்கும் டயருக்கும் ஓட்டுநர் சம்பளத்துக்கும் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. நாங்கள் திரட்டுவது அதற்குத்தான்.

ஊரில் மோர் கொடுத்த பாட்டி ஒருவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏன் சாமி, ஜீப்புக்குக் காசு சேக்க நேபாளம் போவணுமா? இங்கியே நடந்தா தரமாட்டாங்களா?" என்றார். உண்மை என்னவென்றால், தரமாட்டார்கள். பென்னாகரத்து மலையில் நடந்தோம் என்றால் சரி என்று கேட்டுக்கொள்கிறவர்கள், எவரெஸ்ட் என்ற சொல்லைக் கேட்டதும் கைப்பேசியை எடுத்துப் பணம் அனுப்புகிறார்கள். அந்தச் சொல்லின் மதிப்பை ஜீப்புக்குத் திருப்பிவிடுவதே எங்கள் வேலை என்று நினைக்கிறேன். பாட்டிக்கு இந்த விடை முழுவதும் ஏற்கவில்லை. எனக்கும்தான்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். இத்தகைய அறப் பயணங்களை வெளிநாடுகளில் நடத்தும் முறை ஒன்றில், கலந்துகொள்பவர் குறிப்பிட்ட தொகையைத் திரட்டித் தந்தால் அதிலிருந்தே அவருடைய பயணச் செலவும் கழிக்கப்படும். அதாவது, நன்கொடை கொடுத்தவரின் பணத்தில் ஒரு பங்கு விமானச் சீட்டுக்குப் போகிறது. எங்கள் குழுவில் விமானம், தங்குமிடம், காப்பீடு, வழிகாட்டியின் ஊதியம் என எல்லாமே அவரவர் சேமிப்பிலிருந்து. நன்கொடை வேறு வங்கிக் கணக்கில், ஒரு ரூபாயும் கலக்காமல். இதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வைத்துக்கொண்டோம். இன்று அந்த வழியில் நடந்த பிறகு, வேறு எந்த முறையும் எனக்கு ஒப்பாது.

இறங்கும்போது அரிசி மூட்டை சுமந்தவர்களைப் பற்றியே பேச்சு. நேபாளத்திலும் நம் பெரிய பைகளைச் சுமக்கப் போகிறவர்கள் நெற்றியில் பட்டை மாட்டிச் சுமக்கும் மலைவாழ் மக்கள்தாம். ஒருவருக்கு 30 கிலோவுக்கு மேல் கூடாது என்று சுமைதூக்குவோர் நலனுக்காகப் பாடுபடுவோர் சொல்லிவருகிறார்கள். ஒருவர் இரண்டு பேரின் பைகளைத் தூக்குவதே அங்கே வழக்கம் என்பதால், எங்கள் பை ஒவ்வொன்றும் 12 கிலோவுக்குள் அடங்க வேண்டும் என்றும், அவர்களுக்கும் குளிருடையும் காப்பீடும் உண்டா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே முன்பணம் அனுப்ப வேண்டும் என்றும் முடிவாயிற்று.

சனி, தீர்த்தமலை

நேற்று ஓய்வு. இன்று அரூர் வட்டத்துத் தீர்த்தமலை. மலையின் நடுவே தீர்த்தகிரீசுவரர் கோயில். பாறையின் உச்சியிலிருந்து விழும் இராம தீர்த்தத்தில் தலை நனைக்கக் கூட்டம் நின்றது. அருணகிரிநாதர் பாடிய தலம் இது. கோயில் படிகளில் வேகம் காட்டினால் பக்தர்களுக்கு இடைஞ்சல் என்பதால் கூட்டத்தோடு கூட்டமாகவே ஏறினோம், அந்த வேகம் எங்களுக்குச் சரியாகவும் இருந்தது. முழுச் சுமையோடு ஒருமுறை ஏறி இறங்கி, தண்ணீர் குடித்து, மறுபடியும் ஏறினோம். வாரத் தொடக்கத்தில் கோட்டை மலையில் உட்கார்ந்துபோன தம்பிகள் இன்று ஐயாவுக்குப் பின்னால், அவரைத் தாண்டாமல், பேசிக்கொண்டே வந்தார்கள்.

கோயிலுக்கு வெளியே, கல் பாவிய தளத்தில், செவிலியர் அக்கா எங்கள் எல்லாரையும் ஒரு நேர்க்கோட்டில், ஒரு காலின் கட்டைவிரலை ஒட்டி மறு காலின் குதிகால் படும்படி அடி வைத்து நடக்கச் சொன்னார். மூளையில் நீர் கோத்தவர் இப்படி நடக்க முடியாமல் சாய்வார் என்பதால், மேலே தினமும் மாலையில் இதைச் செய்து பார்ப்போம். இப்போது நலமாக இருக்கும்போது ஒவ்வொருவரும் எப்படி நடக்கிறோம் என்று தெரிந்திருந்தால்தானே அங்கே மாற்றம் தெரியும். எங்களில் இயல்பாகவே கொஞ்சம் சாயும் மருந்துக்கடைக்காரரின் நடையை அக்கா கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டார்.

பிறகு மரத்தடியில் உட்கார்ந்து, திரும்பும் விதியைத் தாளில் எழுதினோம். தலைவலியோடு வேறு ஓர் அறிகுறி சேர்ந்தால் அன்று ஏறக் கூடாது. அறிகுறிகள் கூடிக்கொண்டே போனால் இரவானாலும் இறங்க வேண்டும். இறங்குபவர் தனியாக இறங்கக் கூடாது. துணைக்கு இறங்குபவர் யார் என்பது இங்கேயே முடிவாக வேண்டும், ஏனெனில் அடிவார முகாமுக்கு ஒரு நாள் நடை இருக்கும்போது யாருக்கும் திரும்ப மனம் வராது. உடல்நலம் கெட்டவர் சொல்லும் "எனக்கு ஒன்றும் இல்லை" என்ற பேச்சை ஏற்கக் கூடாது. முடிவு செவிலியர் அக்காவுடையது, அவருக்கே உடம்பு சரியில்லை என்றால் நேபாள வழிகாட்டியுடையது.

ஐயாவும் நானும் ஒரு சோடி, மருந்துக்கடைக்காரரும் மூத்த தம்பியும் ஒன்று, அக்காவும் இளைய தம்பியும் ஒன்று. இளைய தம்பிக்குத்தான் இது பிடிக்கவில்லை, "அக்காவுக்கு ஏதாச்சும் ஆனா நானும் இறங்கணுமா, அப்ப நான் பேஸ் கேம்ப் பாக்கவே முடியாதா?" என்று இரண்டு முறை கேட்டான். "நீ பாக்கலன்னாலும் ஜீப்புக்கு டீசல் போடுவாங்க தம்பி, கையெழுத்துப் போடு" என்றார் ஐயா. அவன் போட்டான்.

இனி ஆக வேண்டியவை: ஐயாவுக்கும் நாற்பதைத் தாண்டிய எங்களுக்கும் இதயத்துக்கான டிரெட்மில் சோதனை; 6,000 மீட்டர் வரையிலான மலைநடையையும் ஹெலிகாப்டர் மீட்பையும் பெயர் சொல்லி உள்ளடக்கும் காப்பீடு, ஏனெனில் சாதாரணப் பயணக் காப்பீடுகள் இவற்றை விலக்கிவிடுகின்றன; ஏப்ரல் கூட்டத்தில் லுக்லா விமானங்கள் காட்மாண்டுக்குப் பதிலாக, அங்கிருந்து சில மணி நேரச் சாலைப் பயணத் தொலைவிலுள்ள ராமேச்சாப்பிலிருந்து புறப்படக்கூடும் என்பதால் இரண்டு நாள் கூடுதல் விடுப்பு. மாசி பிறந்ததும் சித்தேரி மலைக்கு இரண்டு நாள் நடை வைத்திருக்கிறோம். அங்கே ஒவ்வொருவர் சுமையும் ஒன்பது கிலோ.